பொம்மிடி டிவி

டிவித் திரை முழுக்க நீலமாக நின்றது. என் மகன் தன் கையடக்க கேம் பெட்டியை அதன் ஸ்டாண்டில் செருகி, ஒயரை டிவியின் பின்னால் மாட்டிவிட்டு, படம் வரவில்லையே என்று என்னைப் பார்த்தான். ஓசூரிலிருந்து இண்டூருக்கு, அண்ணன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தோம். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை எழவில்லை. இதே கூடத்தில் பதினாறு வருடங்களுக்கு முன்னால் இந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்போதும் எனக்குத் தெரியும்.

அன்று இங்கே இருந்தது அண்ணியின் சீரில் வந்த டிவி. கட்டில், பீரோ, பாத்திரங்களோடு அந்த இருபத்தோரு இஞ்ச் பெட்டியையும் பொம்மிடியிலிருந்து அண்ணியின் அப்பா கொண்டுவந்து இறக்கினார். அம்மா ரிமோட்டைப் பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "கேமு கீமு போட்டா டியூப் போயிரும், அதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று எனக்குத் தனியாக ஓர் உத்தரவு. அதற்குக் காரணம் இருந்தது. பெங்களூரில் இருந்த தாய்மாமா எனக்கு ஒரு கையடக்க கேம் வாங்கித் தந்திருந்தார். அதோடு மஞ்சள் தலையும் வெள்ளைத் தலையும் கொண்ட ஒயர் ஒன்றும் வந்திருந்தது. நான் சின்னப் பெண் ஒன்றும் இல்லை. பதினெட்டு வயது, டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம்.

ஒரு மதியம் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். அண்ணி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஒயரை மாட்டி, டிவியின் முகப்பில் இருந்த, கேபிளிலிருந்து ஒயருக்கு மாற்றும் பட்டனை அமுக்கினேன். உள்ளங்கையளவு திரையில் எறும்பு போல ஓடிக்கொண்டிருந்த கார்கள் டிவியில் கையகலத்துக்கு ஓடின. எவ்வளவு நேரம் ஆடினேன் என்றே தெரியவில்லை. தெருவில் அம்மாவின் குரல் கேட்டதும் ஒயரைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன், ஸ்விட்சை அணைத்தேன். திரும்பப் பழையபடி கேபிளுக்கு மாற்றிவைக்க மறந்துபோனேன்.

சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு அம்மா டிவியைப் போட்டபோது நீலம்தான் வந்தது. சத்தம் இல்லை. கேபிள்காரர் வந்து பார்த்து, "மத்த வூட்ல எல்லாம் படம் ஓடுதுங்க, லைன்ல கோளாறு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அண்ணியின் பக்கம் திரும்பினார். "மூணு மாசங்கூட ஆவல. எங்கயோ பழசப் புடிச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க." ஒரு துண்டை எடுத்து டிவியை மூடினார். "உங்கப்பா வந்து கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது." அண்ணி தலைகுனிந்து நின்றுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். திட்டு விழும் என்று பயந்தேன் என்பது பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். அண்ணி வந்ததிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது என்று எனக்குள் ஒரு புகைச்சல் இருந்தது. அவர் தலைகுனிந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

அண்ணியின் அப்பா மறுநாளே வந்தார். டிவியை ஒரு பழைய போர்வையில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். அடுத்த நாள் அதே போர்வையில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படம் பளிச்சென்று வந்தது.

"இப்ப மட்டும் எப்படிங்க வருது?" என்றார் அம்மா.

"கடையில சரி பண்ணிக் குடுத்தாங்க சம்மந்தியம்மா. பாத்து வாங்காதது என் தப்புதாங்க. மனசுல வெச்சுக்காதீங்க." இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு வாசல் ஓரம் நின்ற என்னைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்கறீங்க?" என்று கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் என்றேன். "நல்ல படிப்பு. நல்லாப் படிங்க" என்றார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அதற்குப் 'பொம்மிடி டிவி' என்று பெயர். மிக்ஸி ஓடாவிட்டால் பொம்மிடி டிவி. குடை விரியாவிட்டால் பொம்மிடி டிவி. அம்மா சொல்வார், அண்ணன் சிரிப்பான். நானும் சொல்லியிருக்கிறேன், அண்ணியின் முகத்துக்கு நேராகவே. போன வருடம் அவருடைய அப்பா இறந்தபோது மாலை போட்டுவிட்டு அவர் காலடியில் நின்றேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

இப்போது நான் மரம்போல நிற்பதைப் பார்த்து, அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிமோட்டை எடுத்தார். ஒரே அமுக்கு. மகனின் விளையாட்டு திரையில் விரிந்தது. அவன் குதித்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணி, அன்னைக்கு அந்த டிவி கெட்டுப் போகல. நான்தான்..."

"தெரியும் பாப்பா. மறுநாளு பெருக்கறப்பவே கட்டிலுக்கு அடியில ஒயரப் பாத்தேன். எங்க வூட்ல தம்பிங்களும் இதையேதான் பண்ணுவானுங்க. ஒரு பட்டன் சமாச்சாரம்."

"உங்கப்பாகிட்ட..."

"வந்ததுமே சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அண்ணி அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போனாரு?"

அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்கியே அமுக்கிக் காட்டியிருந்தா, யாரு மாத்துனதுன்னு கேட்டிருப்பாங்கல்ல? உன் பேரு வெளிய வந்திருக்கும். நாத்தனாரக் காட்டிக் குடுத்துட்டு இந்த வூட்ல நீ எப்படிம்மா இருப்பேன்னாரு."

அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு அவர் உள்ளே போனார். ஒன்றுமில்லாத டிவி என்று தெரிந்தே அதைத் தோளில் சுமந்து போய், சுமந்து வந்து, என் கண் முன்னாலேயே அம்மாவிடம் கைகூப்பி நின்று, என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர்.

மகன் விளையாடி முடித்து, பெட்டியைக் கழற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். திரை மறுபடி நீலமானது. ரிமோட்டை எடுத்து, டிவியைப் பழையபடி மாற்றிவைத்தேன்.