தொப்பியைத் தின்பதாகச் சொன்ன பெரியப்பா

அறுபதுகளில் நாங்கள் செம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். பின்னால் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போகும்போது எங்கள் வரிசையில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழும். ஒன்றரை வயதுத் தம்பி மட்டும் அயர்ந்து தூங்குவான். தொந்தரவு தராத பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மா மெச்சவில்லை.

"இவனுக்குக் காது கேக்கலையோன்னு இருக்கு" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா இந்த மாதிரி விஷயங்களில் சொந்தமாக எதையும் நினைப்பதில்லை. அதற்கு முலுண்டில் பெரியப்பா இருந்தார். ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பியோடு, ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

அந்த ஞாயிறு அவர் கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்த தம்பிக்குப் பின்னால் போய் நின்று ஓங்கிக் கைதட்டினார். தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியாம்மா? நீ காலி பீலி, சும்மாவே பயந்து சாவுதே. இவனுக்குக் காது கேக்கலைன்னா, ஐ வில் ஈட் மை ஹாட்!"

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெரியப்பாவே தமிழிலும் சொன்னார்: "என் தொப்பியத் தின்னுருதேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போனபிறகு, நிஜமாகவே தின்பாரா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அண்ணன் சொன்னா செய்வாவ" என்றார் அப்பா.

அன்றிலிருந்து இந்தப் பந்தயத்தில் நான் யாரையும் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு பெரியப்பா தொப்பியை வழக்கமான ஆணியில் மாட்டாமல் அலமாரி உச்சியில் வைத்ததும், ஒளிக்கிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி கைதட்டியபோது குனிந்து பார்த்தேன். அவருடைய முழங்கால் கட்டிலை இடித்தது. கட்டில் ஆடியது, தம்பி திரும்பினான். கள்ளாட்டம்!

அம்மாவையும் நான் விட்டுவைக்கவில்லை. ஜெயிப்பதற்காகத் தம்பியின் காதில் பஞ்சு வைக்கிறாளோ என்று அவன் தூங்கும்போது நோண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒருவேளை அவனே நடிக்கிறானோ? முதுகுக்குப் பின்னால் நின்று "பிஸ்கட்" என்றேன். திரும்பவில்லை. முன்னால் வந்து அதையே சொன்னதும் என் வாயைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். பெரிய நடிகன் என்று முடிவு செய்தேன்.

பெரியப்பாவின் முழங்கால் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் சாப்பிட்டுக் கைகழுவியதும் வந்து நின்றாள். அதுவரை அவர் முன்னால் அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அத்தான், கட்டில்ல படாம, தள்ளி வாசல்ல நின்னு கூப்பிடுங்க."

பெரியப்பா சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். கூப்பிட்டார். தம்பி கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தினார். பிறகு வெண்கலத் தட்டை எடுத்து ஓங்கி அடித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். தம்பி கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

மறுநாள் என்னைப் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் தம்பியோடு போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது பெரியப்பாவின் தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது. அம்மாவின் தோளில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "டாக்டர் ரெண்டு காதும்னுட்டாரு" என்று அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டைக் கழுவி, ஓரத்தில் ஊறுகாய் வைத்து, பெரியப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தேன்.

"தொப்பியச் சாப்பிடுங்க பெரியப்பா."

அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது இங்கிலீஷ்ல ஒரு பேச்சுக்குச் சொல்லுதது மக்கா. நான் சொன்னது தப்பாவே ஆகாதுங்கிற நிச்சயத்துல சொல்லுதது." பிறகு தொப்பியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "தின்னா இவனுக்குச் சரியாவும்னா, இப்பவே தின்னுருவேன்."

அவர் கண்ணைத் துடைத்தது ஏமாற்றுவதற்கு என்றுதான் எனக்குப் பட்டது. தின்னாமல் தப்பித்துவிட்டாரே என்ற ஆத்திரத்தோடு அம்மாவிடம் போனேன். அடுப்புப் பக்கம் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நீதானம்மா ஜெயிச்ச! எதுக்கு அழுத?"

அம்மா என்னைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "உங்க பெரியப்பா ஜெயிச்சிரணும்னுதாம்ட்டி வழியெல்லாம் ஜெபம் பண்ணிட்டுப் போனேன்" என்றாள்.

நான் கையை உருவிக்கொண்டு எழுந்தேன். இத்தனை நாளும் அவளுக்காகக் கட்டிலடியில் குனிந்து உளவு பார்த்தவள் நான். அம்மா உண்மையில் யார் கட்சி என்பதில் அன்றுதான் எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது.