ஜன்னலை மறைத்த கடல்

போன செவ்வாய்க்கிழமை, கடலே இல்லாத எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே, கடலோரத்தில் நடந்த ஒரு மீனவர் கூட்டத்துக்குப் போய் வந்தேன். எல்லாம் வீடியோ காலில்தான்!

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனி கடலடியைத் தோண்டிக் கனிமம் எடுக்கப் போகிறதாம். அதற்குக் கருத்துக் கேட்கிறார்கள். கம்பெனி அதிகாரி ஆங்கிலத்தில் பேசுவார். நான் தமிழில் சொல்ல வேண்டும். மீனவர்கள் பேசினால் ஆங்கிலத்தில்.

என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். வெளியே சயனைடு மேடு — தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிவிட்டுப் போன மண்மலை. பார்க்க நன்றாகவா இருக்கும்? கம்பெனி அனுப்பிய நீலக் கடல் படத்தைத் திரையில் எனக்குப் பின்னால் போட்டு மறைத்துக்கொண்டேன்.

வேலை வரும், ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும்... அதிகாரி அடுக்கினார். நானும் சுருதி குறையாமல் அடுக்கினேன்.

மீன் விற்கும் ஓர் அம்மா எழுந்தார்.

"எல்லாம் சரிங்கய்யா. தோண்டி முடிச்சுட்டு நீங்க போயிருவீங்க. அப்புறம் அந்த இடம் எப்படிக் கெடக்கும்? அப்படி ஒரு ஊரைக் கண்ணால பாத்தவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா?"

தாத்தாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போன ஊர் இது. மைன்ஸ் மூடிய பிறகு, விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு ஓடும் ஊர். பார்த்தவன் நான்! ஆனால் மொழிபெயர்ப்பாளன் சொந்தமாகப் பேசக் கூடாதே? கேள்வியை ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படி யாரும் இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை" என்றார் அதிகாரி. அதையும்... என் வாயாலேயே சொன்னேன். நிறுத்தி, நிதானமாக, நல்ல தமிழில்.

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். மக்கள் நல்ல ஒத்துழைப்புத் தந்ததாகக் குறிப்பெழுதிக் கூட்டத்தை முடித்தார்கள்.

லேப்டாப்பை மூடினேன். என் மனைவி ஸ்டெல்லா துணியோடு வந்து, ஜன்னல் கட்டையில் படிந்திருந்த மேட்டுத் தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள். காற்றுக் காலத்தில் தினமும் மூன்று தடவை துடைப்பாள்.

"இன்னாங்க, அந்தம்மா கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லாம வுட்டுட்டீங்க?"

"நான் பேசக் கூடாது ஸ்டெல்லா. வேலை பூடும்."

"நீங்க இன்னாத்துக்குப் பேசணும்? அந்தப் படத்த எடுத்துட்டு ஜன்னல காட்டியிருந்தா போதுமே!"

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அதிகாரம் ஏழைகளை எப்படி ஏய்க்கிறது என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் வாய் கிழிய எழுதியிருக்கிறேன்! அதற்குப் பெரிய ஆள்பலமெல்லாம் வேண்டாம் போலிருக்கிறது. என்னைப் போல நாலு நல்ல குரல் கிடைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை அதே மீனவர்களோடு அடுத்த கூட்டம். கடல் படத்தை அழித்துவிட்டேன். வேலை இருக்குமோ, போகுமோ...

ஜன்னல் இருக்கும்.