காயாத சிவப்பு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சோப்பு உறையின் சிவப்பு கொஞ்சம் மாறினாலும் போலிச் சவர்க்காரம் என்று சனங்கள் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் கம்பெனியின் பழைய உறையோடு குளுவாங் அச்சகத்துக்குப் போனேன். மை கலப்பவர் ஒடிசலானவர், நகமெல்லாம் சிவப்பு. சீமை மை கிடைக்காததால் மிச்சம்மீதியைக் குழைத்து, தாளில் தடவிக் கொடியில் தொங்கவிட்டார்.

“அதே சிவப்புதானே?” என்றேன்.

“ஈரத்துல சொல்லக்கூடாதுங்க. காயட்டும், பாத்துச் சொல்றேன்.”

வாசலில் லாரி நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்த சிப்பாய்கள் அவரையும் இழுத்து ஏற்றினார்கள். அப்போதும் அவர் கொடியைத்தான் பார்த்தார்.

“காஞ்சதும் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க!” என்று கத்தினார்.

மாலையில் வைத்துப் பார்த்தேன். அதே சிவப்பு. அதைச் சொல்ல வேண்டியவர் திரும்பவே இல்லை.

இன்றும் எங்காவது அந்தச் சிவப்பைக் கண்டால், காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.