மதுரன் சிரிக்காமல் தூங்கிய காலை

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போனால், அவர்கள் மலையிலிருந்து இறங்கும்வரை அந்தக் குழந்தைகளுக்கு எல்லாமே யூஜினாதான். வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் பிள்ளை அவளிடம் இருக்கிறது என்றால் எந்தத் தாய்க்கும் கவலையில்லை.

அந்த யூஜினாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. லயத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் கிருஷாந்தியின் மகன் மதுரனுக்குப் பல் முளைக்கிறது. விடிய விடிய அழுகை. அந்த வரிசை வீடுகளைக் கட்டிய புண்ணியவான் நடுச்சுவரைக் கூரைவரை எழுப்பாமல் விட்டதால், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் விழித்துக்கொள்ள வேண்டும். பகலில் பிள்ளைக் காம்பராவில் யூஜினா ஒரு பிள்ளையின் பாலை இன்னொன்றுக்குப் புகட்டப் போனாள். வெந்நீரை ஆற்ற மறந்தாள். பகலெல்லாம் மூளையில் சேரும் அழுக்கு நாம் தூங்கும்போதுதான் கழுவப்படுகிறது என்கிறார்கள். யூஜினாவின் தலையோ கழுவாத பாத்திரமாகக் கிடந்தது. எரிச்சல் தாங்காமல், தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் கிருஷாந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் புள்ளைய கொஞ்சம் அடக்கி வையி. இப்பிடியே போனா ஒருநா நானே எந்தப் புள்ளையயாச்சும் கீழ போட்டுருவேன்."

அன்று இரவு சத்தமே இல்லை. யூஜினா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

மறுநாள் காலை, தூங்கிக்கொண்டிருந்த மதுரனைத் பிள்ளைக் காம்பராத் தொட்டிலில் கிடத்திவிட்டு, யூஜினாவின் முகம் பார்க்காமலே கிருஷாந்தி மலைக்கு ஓடினாள். மற்றப் பிள்ளைகள் எழுந்து, பால் குடித்து, சண்டையும் போட்டாகிவிட்டது. மதுரன் அசையவில்லை. பாவம், ஒரு வாரத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குகிறான் என்று யூஜினாவும் விட்டுவிட்டாள்.

பிறகுதான் அவளுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. கைக்குழந்தை சும்மா தூங்காது. மூடிய இமைக்குள் கண் உருளும், இல்லாத பாலை உதடு சப்பும், திடீரென்று சிரிக்கும். சாமி விளையாட்டுக் காட்டுது என்பார்கள் நம் ஆட்கள். அது கனவுத் தூக்கம், அந்த நேரத்தில்தான் பிள்ளையின் மூளை வளர்கிறது என்று பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் சொல்லியிருந்தார். மதுரனின் முகத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். கிள்ளினாள். அவன் முனகக்கூட இல்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர நேரமெடுத்தது.

யூஜினா அவனை வாரித் தூக்கினாள். மற்றப் பிள்ளைகளைத் துணைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மலைக்கு ஆள் அனுப்பி, வினோஜனின் ஆட்டோவை வரவழைத்தாள். ஓடிவந்த கிருஷாந்தியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. பாதை முழுக்கப் பள்ளம். மடியில் கிடந்தவனின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "மூச்சு விடுடா, விடுடா ராசா" என்று அரற்றினாள் யூஜினா.

"ராத்திரி இவனுக்கு என்னத்தடி குடுத்த?" என்று கிருஷாந்தியைக் கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்கலக்கா."

ஆஸ்பத்திரியில் டொக்டரும் அதையே கேட்டார். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை. கிருஷாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யூஜினா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பொலிசுக்குப் பயந்துகிட்டு நிக்கிறியா? புள்ள போயிரும்டி! சொல்லு!"

"தடிமல் பாணி... சளிக்குப் பெரியாளுங்க குடிக்கிற மருந்து. தூக்கம் வரும்னு ரெண்டு மூடி குடுத்தேன். அழுதான்னு விடியக்காலையிலயும் குடுத்தேன்." அவள் யூஜினாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க தூங்கணும்னுதான்க்கா குடுத்தேன். நீங்க தூங்காட்டி பகல்ல எம் புள்ளைய யாரு பாக்குறது?"

யூஜினாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அந்த மருந்து கொடுத்தது தூக்கமே இல்லை, மயக்கம். அந்த மயக்கத்தின் தயவில்தான் அவள் இரவு முழுக்கச் சுகமாகத் தூங்கியிருக்கிறாள்.

மதுரனின் முகத்தில் ஒக்சிஜன் மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு பெண்களும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். வினோஜன் வாங்கிவந்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கிருஷாந்தி எழுந்து நின்றாள்.

பிற்பகலில் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. தொண்டை கிழிகிற அழுகை. "முழிச்சிட்டான்" என்றார் நர்ஸ். கிருஷாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யூஜினாவும் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே பாதி ராத்திரி அவன நீ தூக்கு, பாதி ராத்திரி நான் தூக்குறேன்" என்றாள். "அழட்டும். அவன் அழுதாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."