பெட் காலியானால் அடிக்கும் மணி

பொற்கொடி துடியலூர்ப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, 1996இல் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அட்மிஷன் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஐ.சி.யூ.வில் இடம் கிடைப்பது அபூர்வம். வெளியே காத்திருப்பவர்கள் ஓயாமல் வந்து கேட்பார்கள்.

"இதுக்கொரு வழி பண்ணுங்க அம்மணி" என்றார் மேனேஜர் வெங்கடபதி.

கவுண்டரிலிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினாள். அதற்குள் ஒரு லூப், திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை. எல்லா பெட்டிலும் ஆள் இருக்கும்வரை அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே நர்ஸ்கள் பதிகிற விவரத்தை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். ஒரு பெட் காலி என்று பதிவானால் சுற்றுவதை நிறுத்திவிட்டு மணி அடிக்கும். ஓடவிட்டபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மணி அடித்தது. மனைவியை ஸ்ட்ரெச்சரில் கிடத்திக் காத்திருந்த பொள்ளாச்சி அங்கப்பன் ஓடிவந்தார்.

"இடம் கெடச்சுருச்சுங்களா?"

"கெடச்சுருச்சுங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐ.சி.யூ. கதவருகே ஒரு பெண் அலறினாள். "என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

பொற்கொடி கதவைத் திரும்பிப் பார்த்தாள். பெட் எப்படிக் காலியாகும் என்று அவள் யோசித்ததே இல்லை.

அதன்பின் அந்த மணி அவளை விடவில்லை. டவுன் பஸ்ஸில் விசில் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. ஒருநாள், இடமில்லாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒரு குழந்தைக்காக, மணி சீக்கிரம் அடிக்கக்கூடாதா என்று மனசு ஏங்கியது. என்ன கேட்கிறோம் என்று உறைத்ததும் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள்.

"சத்தத்தை எடுத்துப்போடட்டுங்களா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"அப்புறம் எப்படிங்க தெரியும்? இந்தக் கூட்டத்துல ஸ்கிரீனை யாரு பார்ப்பா?"

"நான் பார்க்கறேனுங்க."

லூப்புக்குக் கீழே ஒரு நிபந்தனை சேர்த்தாள். நோயாளி தேறி வார்டுக்குப் போயிருந்தால் மணி அடிக்கும். இறந்திருந்தால் ஓசையின்றித் திரையில் ஒரு வரி மட்டும் வரும். அவளே எழுந்துபோய், காத்திருப்பவரைத் தனியே கூப்பிட்டு இடம் கிடைத்ததைச் சொல்வாள்.

சாவுக்கு மணி அடிப்பது நின்றும் பயம் தீரவில்லை. சாப்பிடும்போதும் கண் திரையிலேயே கிடந்தது. கல்யாணமாகி வேலையை விடும்வரை அப்படித்தான் இருந்தாள்.

கடைசி நாளிலும் ஒரு வரி வந்தது. வராந்தாவில் மகனுக்கு இடம் கேட்டுக் காத்திருந்த பங்காரம்மாவிடம் போய், இடம் கிடைத்ததைச் சொன்னாள்.

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கோணும் கண்ணு."

பொற்கொடி தலையாட்டினாள். எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தது. ஐ.சி.யூ.விலிருந்து டாக்டர் இன்னும் வெளியே வந்து, அந்த வரியில் இருந்ததை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.