லூர்தக்கா சொன்ன பொய்

லூர்தக்கா இறந்த செய்தி எனக்குத் திரேஸ்புரத்தில், மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. அவருடைய தங்கை மகள் அங்கே மீன் விற்கிறாள். சீலா மீனை நறுக்கிக்கொண்டே, "பெரியம்மா போயிட்டாவ டீச்சர். முந்தாநாளு அடக்கம் பண்ணியாச்சு" என்றாள். நான் உடனே நம்பவில்லை. "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியே லூர்தக்காவிடம் நான் கற்றதுதான்.

மே மாத விடுமுறைக்கு மணப்பாட்டில் அவர் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்கிய ஆசிரியர் குடும்பங்கள் நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் ஏராளம். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அந்த மாடி தெரிந்திருக்கும். மணல்மேட்டுக் கோயில், கடலோரக் குகை, அதற்குள்ளே உப்புக் கரிக்காத கிணறு, திரும்பும் வழியில் தேரிக்காட்டுச் செம்மணலும் பதநீரும் என்று ஊருக்குப் போய்ப் பெருமை பேசியிருப்பீர்கள். அக்காவைப் பற்றி என்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "சரியான சந்தேகப் பிராணி" என்றுதானே? நானும் அதையேதான் சொன்னேன்.

நாங்கள் முதன்முதலில் போனபோது கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கு அங்கே வரைபட வேலை. லூர்தக்கா எங்களை வாசலிலேயே நிறுத்தி, என் கழுத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் நகை கிடையாது, தாலியும் கிடையாது. அவர் அறிந்த வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எல்லோரும் தாலி கட்டியவர்கள். நான் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"ஏளா, வீட்டுல சொல்லிட்டுத்தான வந்திய?"

"சொல்லாம எப்படி வருவோம்?"

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுதாவ."

அன்று சாயங்காலம் குசினியில் என்னிடம் மாமியார் பெயரைக் கேட்டார். சற்று நேரம் கழித்துக் கிணற்றடியில் என் கணவரிடம் அவர் அம்மா பெயரைக் கேட்டார். இரண்டு பதிலும் ஒத்துப்போனதில் அவருக்கு ஏமாற்றம் போலத் தெரிந்தது. போலீஸ்காரன் தோற்றுப்போவான்.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கீழே ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடந்தது. தினமும் அவர் மணல்மேட்டில் ஏறி நிற்பார். எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் பஸ் வரும் ரோட்டைப் பார்ப்பார். சிலோனிலிருந்து கள்ளத்தனமாகக் கைக்கடிகாரமும் துணியும் வந்து இறங்குவதாகக் கடற்கரை முழுக்கப் பேச்சு. "பாம்பின் கால் பாம்பறியும். இந்தம்மா எதுக்கோ காவல் நிக்கிறாங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குகைக்குப் போய்விட்டு வந்தபோது அக்கா எங்களை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார். "இன்னைக்கு வெளிய போவாண்டாம். கடக்காத்து சரியில்ல" என்றார். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஏதோ நடக்கப்போகிறது, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

விடிந்ததும் வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், படியில் உட்கார்ந்திருந்தவர் என் கணவரின் அண்ணன். "அக்கா, நேத்தும் வந்தேன், அப்பிடி யாரும் இல்லன்னிய. உவரி வரைக்கும் தேடிட்டேன். எங்க அய்யாவுக்கு நெஞ்சுவலி. தம்பி இருந்தா சொல்லிருங்க." அக்கா அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் தாழை எடுத்தார்.

சாத்தான்குளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனாருக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. முந்தைய நாள் முழுக்க மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார். என்ன சொல்ல நினைத்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து வந்து கணவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொம்பள என் ஒரு நாளத் திருடிட்டா."

மறு வருஷம் மே மாதம் நான் மட்டும் மணப்பாட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நான் கத்தி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு அந்தப் பூட்டிய அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஒனக்கு முந்தி, வீட்டுக்குத் தெரியாமக் கல்யாணம் கட்டுன ரெண்டு பிள்ளைய இங்கன தங்கியிருந்துச்சு. அண்ணன்மாருன்னு மூணு பேரு தேடி வந்தாவ. பழம் வாங்கிட்டு வந்தாவ. சிரிச்ச மொகம். குகைக்குப் போயிருக்காவன்னு நாந்தான் வழி காட்டுனேன். பொறவு அந்தப் பொண்ணு செருப்புதான் கெடச்சுது."

 அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, "ஒன் மாமனாரு காரியம் என் பாவந்தான்" என்றார். "ஆனா ஏளா, தேடி வாரவன்ட்ட மொதல்ல இல்லன்னு சொல்லு. நல்லதுக்குத் தேடுதவன் திரும்பி வருவான்."

ஊருக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த கோடையில் அவரேதான் பெட்டியைக் கட்டினார். அதன் பிறகு நாங்கள் வேறெங்கும் விடுமுறைக்குப் போனதில்லை.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருத்தி, வேறு சாதிப் பையனை மணந்துகொண்டு சில நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். இப்போது இருவரும் ஓர் ஊரில் நலமாக இருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர்கள் எங்கள் பின்னறையில் இருந்தபோது இரண்டு பேர் தேடி வந்தார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள். கையில் மக்ரூன் பெட்டி. "பெரியப்பா மகன் டீச்சர். அவ அம்மாவுக்கு முடியல, ஒரு எட்டு பாத்துட்டா போதும்" என்றார்கள்.

"அப்பிடி யாரும் இங்கன இல்லயே" என்றேன்.

லூர்தக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். சொல்லிவிட்டேனே தவிர, மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே முடியாமல் இருந்தால்? என் மாமனாரின் உதடு அசைந்தது கண்ணிலேயே நின்றது. அவர்கள் மறுபடி வரட்டும், அவளை அனுப்பிவைக்கலாம் என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வரவே இல்லை.