பொன்னுசாமி மச்சான் தட்டிப் பாஸான இங்கிலீஷ்

போன வாரம் ஆலங்காயம் பஸ் நிலையத்தில் காவலூர் வண்டிக் கண்டக்டர் என் கையைப் பிடித்து, "உங்க மச்சான் காலையில தவறிட்டாருங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு, எதிரே நின்ற வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டரே வந்து இறக்கி, தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

என் மனைவியின் அண்ணன் பொன்னுசாமி, மலைமேல் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தில் தற்காலிகக் காவலாளியாக இருந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷ் மட்டும் பாக்கி. எனக்கும் அதே பாக்கி. ஆகவே கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கொண்டே சேர்ந்து படித்தோம். போவதற்கு இங்கிலீஷில் மூன்று உருவம். அடிக்கு ஒன்று: 'கோ', 'வென்ட்', 'கான்'.

"'கோ' எப்டி மச்சான் 'வென்ட்' ஆச்சு? ஒரு எழுத்துகூட ஒட்டலியே?"

"காரணம் கேட்டுனு இருந்தா புளி அப்டியே கெடக்கும் மாப்ளே. தட்டு."

வைப்பதற்கான 'புட், புட், புட்' வந்தால் மட்டும் மச்சான் முகம் மலர்வார். "இதாம்பா யோக்கியமான வார்த்தை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசாது."

பரீட்சையில் அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திடீரென்று டக், டக், டக். தட்டாமல் அவருக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு விடை சொல்கிறார் என்று நினைத்து, மேற்பார்வையாளர் எங்கள் இருவர் தாளையும் பிடுங்கிக்கொண்டார்.

"என் வேலையே பூடும் சார். என்னை வெளியே உக்கார வைங்க, தொடையில தட்டிக்கறேன். எங்க மாப்ள பாவம், அவருக்குத் தட்டினாலும் வராது."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். மச்சான் வராந்தாவில் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டி எழுதித் தேறினார். வேலையும் நிலைத்தது. நான் தேறாமல் அவர் வாக்கைக் காப்பாற்றினேன். ஒரே புளி, ஒரே அடி. எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

அதன்பின் அவர் ஒருநாளும் இங்கிலீஷ் பேசவில்லை. "இவ்ளோ தட்டினீங்களே, இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"பாஸாவறதுக்கு. பேசறதுக்கா?"

அடக்கத்தன்று, அந்தக் கூடத்தின் வெளிமாநிலத்து அதிகாரி ஒருவர் அவர் தலைமாட்டில் நின்று இங்கிலீஷில் பேசினார். எனக்குப் பிடிபட்டது 'பொன்னுசாமி' மட்டும்.

மச்சானின் மனைவி என் பக்கம் திரும்பினார். "இன்னாண்ணா சொல்றாரு?"

கூட்டமே என்னைப் பார்த்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் வூட்டுக்காரரு இல்லாம நாளைக்கு எப்டி வேலைக்குப் போறதுன்னு கேக்கறாரும்மா" என்றேன்.

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டு அழுதார்.

மச்சான், நான் சொன்னது தப்பாக இருந்தால் மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பழக்கம்தான். போய் வாருங்கள்.